காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா? – ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும்



இந்த இதழில் என்னுடைய பழைய தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க விரும்புகிறேன்.

இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, உதவிப் போதகராக ஊழியத்தைத் தொடங்கிய நாட்கள் அவை. ஆலயத்தை ஒட்டிய பள்ளியில் வாரத்துக்கு இரண்டு முறை நன்னெறி வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நான் என்ன சொன்னாலும் மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா, காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?" என்று கேட்டேன். அவன் இரண்டு கைகளாலும் தன் காதுகளைத் தொட்டுப் பார்த்தான். "இல்லை ஐயா, இங்கேதான் இருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். "என் முகத்தைப் பார்த்துப் பேசு" என்றேன். அவன் பார்க்கவில்லை. மணி அடிக்கும் வரை வராந்தாவில் நிற்க வைத்தேன். அடுத்த வாரங்களிலும் இதுவே தொடர்ந்தது. மற்ற ஆசிரியர்களும் அவனைப்பற்றிக் குறை சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள் அவனுடைய தாயார் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். "இவனுக்குப் படிப்பு வராதாம் ஐயா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் "சரி அம்மா" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு ஆட்டிசம் இருந்தது என்று இன்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அவனை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் குழந்தைகள் பிரிவின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் பேசும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது. "வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்" என்று இன்றும் தாய்மார்கள் கண்ணீரோடு சொல்லுகிறார்கள். மருத்துவர் பெயர் சொல்லலாம், பயிற்சி தருபவர்கள் வழி காட்டலாம். ஆனால் அந்தப் பிள்ளை தன் நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அங்கே இருக்கும் ஆசிரியருக்கு அவனைப் புரியவில்லை என்றால், மருத்துவமனை செய்ததெல்லாம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆகையால்தான் ஆசிரியர் பயிற்சியைப்பற்றி எழுதுகிறேன். உங்களில் பலர் ஆசிரியர்கள்; பலர் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆட்டிசம் என்பது என்ன?

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் பிறரோடு உறவாடும் விதம் வேறாக இருந்தது. தங்களைச் சுற்றி எல்லாம் மாறாமல் இருக்கவேண்டும் என்று விரும்பினார்கள். கேட்ட சொற்களைக் கேட்டபடியே திரும்பச் சொன்னார்கள். இந்த நிலைக்கு ஆட்டிசம் என்ற பெயர் நிலைத்தது. இதைத் தமிழில் மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் எழுதுவதுண்டு. இரண்டாவது பெயர் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புற உலகம் தேவைக்கு அதிகமாகவே தெரிகிறது. நாம் கவனிக்காத ஓசையும் வெளிச்சமும் அவர்களைத் தாக்குகின்றன.

ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அது தொற்றாது, மருந்தால் போகாது. உலக அளவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 500 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நாலைந்து பேர் இருக்கக்கூடும். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் மணிக்கணக்கில் பேசுவார்கள். சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் பின்னடைவு இருக்கும். சிலர் கணக்கில் வகுப்புக்கே முதலாக வருவார்கள். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளிப்பதால் பலமுறை கண்ணில் படாமலே போகிறார்கள். ஒரு பிள்ளையைத் தெரிந்துகொண்டதால் எல்லாப் பிள்ளைகளையும் தெரிந்துகொண்டதாகாது. ஆசிரியருக்கு இதுவே முதல் பாடம்.

பழி யாருடையது?

கானருக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் மருத்துவ உலகம் ஒரு பெரிய அநியாயம் செய்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று பலர் எழுதினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்து நூல் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்து, பரம்பரைக் கூறுக்கு இதில் பெரும் பங்குண்டு என்று காட்டினார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-இல் திரும்பப் பெற்றது.

ஆனாலும் பழி போகவில்லை. "கர்ப்பமாக இருக்கும்போது என்ன செய்தாய்?" என்று மாமியார் கேட்கிறார். "டிவியைப் போட்டுக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று பள்ளியில் சொல்லுகிறார்கள். நம் சபைகளிலும் இது நடக்கிறது. யார் செய்த பாவம் என்று தேடுகிற பழக்கம் சீஷர்கள் காலத்திலேயே இருந்தது. ஆண்டவர் அந்தத் தேடலை அவர்களுக்கு விலக்கினார். எந்தப் பாவமும் பேயும் இதற்குக் காரணம் அல்ல என்று நான் ஒவ்வொரு தாயிடமும் சொல்லுகிறேன். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் அதையே சொன்னால், அந்தத் தாய் மறுநாள் பள்ளி வாசலில் தலைநிமிர்ந்து நிற்பார்.

வகுப்பறை அவனுக்கு எப்படித் தெரிகிறது?

நம் பள்ளி ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். டியூப் லைட் முனகுகிறது. பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். சமையற்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்துகிறது. இவற்றையெல்லாம் நம் மூளை தானாகவே ஒதுக்கிவிட்டு ஆசிரியரின் குரலைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்குதல் எளிதில் நடப்பதில்லை. எல்லாம் ஒரே அளவு சத்தத்தில் வந்து விழுகின்றன. இதன் நடுவே ஆசிரியர் மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொல்லுகிறார்: "புத்தகத்தை எடு, பன்னிரண்டாம் பக்கம் போ, இரண்டாவது கணக்கைப் போடு." முதல் கட்டளை காதில் விழும்போது மூன்றாவது முடிந்துவிடுகிறது.

ஆசிரியர் பயிற்சிகளில் இதை உணர்த்த ஓர் எளிய வழி உண்டு. ஆசிரியர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுவார்கள். அதே நேரத்தில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள், விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள், பின்னால் இருந்து ஒருவர் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பார், முன்னால் ஒருவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார். நானும் ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பையனை வராந்தாவில் நிறுத்தியதற்காக அன்று முதல் முறையாக வெட்கப்பட்டேன்.

ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியவை

1. நேராகப் பேசுதல். நம் தமிழ் வகுப்பறைப் பேச்சில் மறைபொருள் மிகுதி. "வாயில் என்ன கொழுக்கட்டையா?", "காது எங்கே இருக்கு?", "இன்னும் ஒரு தடவை பேசிப் பார்!" இவற்றைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை, இன்னும் ஒரு தடவை பேசிப் பார்ப்பான். பிறகு அடி வாங்குவான். அவனுக்கு முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு செயலைச் சொல்லி, சில வினாடிகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருத்தல்தான் ஆசிரியர்களுக்கு மிகவும் கடினம்.

2. கண்ணைப் பார்க்க வற்புறுத்தாமை. முகத்தைப் பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் சிலருக்கு முடியாது. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவன் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

3. கண்ணால் காணும்படி காட்டுதல். பேசிய சொல் காற்றில் போய்விடும். படம் அங்கேயே நிற்கும். அன்றைய நிகழ்ச்சிகளை வரிசையாகச் சிறு படங்களில் மேசையில் ஒட்டி வைக்கலாம்: பிரார்த்தனை, தமிழ், இடைவேளை, கணக்கு, சாப்பாடு. முடிந்ததை எடுத்துவிடவேண்டும். "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டு படம் மட்டும் காட்டினாலும் போதும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் வழிநடத்த 1972-இல் மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கிய 'டீச்' என்ற திட்டம், இந்த முறையை உலகம் முழுவதும் பரப்பியது. பெற்றோரை உடன் ஊழியராக வைத்துக்கொண்டதும் அதன் சிறப்பு.

4. மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுதல். விளையாட்டு விழா, பரீட்சைக் கால மாற்றம், வகுப்பு ஆசிரியர் விடுப்பு ஆகியவை நமக்குச் சிறியவை. அவனுக்கோ தரையே நகர்வதுபோல. முந்தின நாளே சொன்னால் பாதி அழுகை குறையும்.

5. பேச்சுக்குப் பின்னால் இருக்கும் பொருளைக் கேட்டல். "தண்ணி வேணுமா?" என்று பிள்ளை நம்மையே கேட்கும். அம்மா அப்படிக் கேட்டுவிட்டுத்தான் எப்போதும் தண்ணீர் கொடுத்தார். ஆகவே தாகம் எடுத்தால் அந்த வாக்கியத்தையே சொல்லுகிறது. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுக்கலாம். அதனால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

6. நடத்தைக்குக் காரணம் தேடுதல். இதுவே பயிற்சியின் இருதயம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடவேண்டும்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. ஒரு சிறப்பாசிரியர் எனக்குச் சொன்ன நிகழ்ச்சி இது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் தன் கையைக் கடித்துக்கொண்டு அலறுவான். பிடிவாதம் என்றார்கள். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தபோது, அது எப்போதும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் என்று தெரிந்தது. அந்தப் பள்ளியின் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. அது அந்த வகுப்பின் ஜன்னலுக்கு நேர் வெளியே தொங்கியது. தலைமையாசிரியை அதைக் கழற்றி வராந்தாவின் மறுகோடியில் மாட்டச் சொன்னார். செலவு எதுவும் இல்லை. அலறல் ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

மாறாக, எழுத்து வேலை வந்தால் கத்துகிற பிள்ளையை வெளியே அனுப்பிப் பாருங்கள். கத்தினால் எழுத வேண்டாம் என்று அவன் கற்றுக்கொள்வான். நாம் கொடுத்த தண்டனையே அவனுக்குப் பரிசாகிவிடும். எழுத்தில் எது கஷ்டம் என்று தேடி, பத்து வரிக்குப் பதில் மூன்று வரி கொடுப்பதே வழி.

7. நிலைகுலையும் நேரத்தில் அமைதி. எல்லாம் தாங்க முடியாமல் போய்ப் பிள்ளை உடைந்துபோகும்போது, அது அடம் அல்ல. அந்த நேரத்தில் புத்திமதி உள்ளே போகாது. பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, ஓர் அமைதியான மூலையில் இருக்கவிட வேண்டும். பேச்சு வார்த்தை பிறகு.

8. மற்றப் பிள்ளைகளைத் தயார் செய்தல். இப்படிப்பட்ட பிள்ளைகள் கேலிக்கும் அடிக்கும் எளிதில் ஆளாகிறார்கள். வீட்டில் போய்ச் சொல்லவும் தெரியாது. அன்பான இரண்டு மூன்று தோழர்களை அருகில் உட்கார வைப்பது பெரிய பாதுகாப்பு.

ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி

"ஐயா, நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவனுக்காக இவ்வளவும் எப்படிச் செய்வது?" இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது நியாயமான கேள்வி. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, சுவரில் படத்தோடு கால அட்டவணை, முன்கூட்டியே அறிவிப்பு ஆகியவற்றால் நன்மை அடையாத பிள்ளை எந்த வகுப்பிலும் இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. அவர்களுக்கு உடனிருந்து உதவும் ஒருவரும், சிறப்பாசிரியரின் வழிகாட்டுதலும் தேவை. வகுப்பாசிரியர் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டு "உள்ளடக்கிய கல்வி" என்று பெயர் சூட்டுவது ஆசிரியருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம்.

அதேபோல, ஒருநாள் சொற்பொழிவும் மதியச் சாப்பாடும் சான்றிதழும் பயிற்சி ஆகாது. கேட்டதை வகுப்பில் செய்துபார்த்து, தடுமாறி, மீண்டும் வந்து கேட்க இடம் வேண்டும். தெரிந்த ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து, "அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்" என்று சொல்ல வேண்டும். நர்சிங் மாணவிகள் ஊசி போடப் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்வதில்லையே!

இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் தனி ஆசிரியர்களுமே. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் சிபில் எல்கர் என்ற ஆசிரியை தன் வீட்டின் அடித்தளத்தில் சில பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இவர்களுக்குக் கல்வி ஏறாது என்று பலர் நினைத்த காலம் அது. 1965-இல் பெற்றோர் சங்கம் லண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்து அவரிடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் 1991-இல் மெர்ரி பருவா என்ற தாய், புது தில்லியில் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமும் சிறப்பாசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் மட்டுமே இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. உள்ளடக்கிய கல்விக்கான ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பயிற்றுவிப்பதும் அந்தச் சட்டம் விதிக்கும் கடமை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது, அடிக்கவும் கூடாது. அரசுப் பள்ளிகளுக்கு உதவ வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். "வேறு பள்ளி பாருங்கள்" என்று கேட்ட பெற்றோர் இவற்றை அறிந்திருப்பது நல்லது. ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே அழைத்து உட்கார வைப்பவர் ஆசிரியரே.

நாம் செய்யக்கூடியது

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அல்லது சத்தம் தாங்காமல் வராமலே இருக்கலாம். கதவுக்கு அருகே அந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஸ்பீக்கர் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிள்ளை நடுவில் எழுந்து நடந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். மனப்பாட வசனம் சொல்ல மேடையேற்ற வேண்டாம். காதில் வந்து சொன்னால் போதும். தாயிடம் ஆலோசனை சொல்வதற்கு முன், "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், உங்கள் பழைய பள்ளியின் இளம் ஆசிரியர்களிடம் இந்தக் கட்டுரையைக் கொடுங்கள்.

என் வகுப்பில் இருந்த அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு அருகில் இருக்கும். எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடியும் கிடைக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் அன்று சரியான பதிலைத்தான் சொன்னார். அவருடைய காதுகள் அங்கேதான் இருந்தன. காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் நான்.

இனிமேல் வகுப்பறைக்குள் போகும் ஆசிரியர்களாவது தங்கள் காதுகளோடு போகட்டும் என்பதே என் ஜெபம்.

ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனை சாப்ளின்